18 மாதப் பரிசோதனையில் "மொழி வளர்ச்சி குறைவு" என்று குறித்துவிட்டார்கள். வீட்டில் தமிழை நிறுத்த வேண்டுமா?

கடல்மல்லி (செங்காங்)

வணக்கம். என் மகளுக்கு 20 மாதம் ஆகிறது. சளி, இருமல் என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருந்ததால் 18 மாதப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டு, போன வாரம்தான் பலதுறை மருந்தகத்திற்குப் போனோம். எடை, உயரம், தலைச் சுற்றளவு எல்லாம் சரி. தாதி கொடுத்த மரக்கட்டைகளை அடுக்கினாள், பந்தை உதைத்தாள், பென்சிலால் கிறுக்கினாள். அதுவரை நன்றாகத்தான் போனது. பிறகு மூக்கு எங்கே, கண் எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவள் என் முகத்தையே பார்த்தாள். அதே கேள்வியை நான் தமிழில் கேட்கப் போனேன். உதவி செய்யக் கூடாது என்று தடுத்துவிட்டார். எத்தனை சொற்கள் பேசுகிறாள் என்றதற்கு, "பத்து இருக்கலாம்" என்றேன். மொழிப் பகுதியில் வயதுக்கேற்ற வளர்ச்சி இல்லை என்று குறித்துவிட்டார்கள். வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசினால் பிள்ளை குழம்பாது என்ற அறிவுரை வேறு.

மருத்துவர் பொறுமையாகப் பேசினார். மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் தரட்டுமா, இல்லை மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாமா என்று எங்களையே தீர்மானிக்கச் சொன்னார். யோசித்துச் சொல்கிறோம் என்று வந்துவிட்டோம்.

வீட்டில் மாமியாருக்குத் தமிழ் மட்டும்தான். நானும் கணவரும் தமிழ், இடையிடையே ஆங்கிலம். பகலில் பார்த்துக்கொள்ளும் பணிப்பெண் இந்தோனீசியர். "இவள் அப்பனே மூன்று வயதில்தான் பேசினான், பிள்ளையை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக இழுக்காதே" என்கிறார் மாமியார். கணவர் இரண்டு பக்கமும் தலையாட்டுகிறார். எனக்கு இரவில் தூக்கம் வருவதில்லை. மூன்று மாதம் காத்திருப்பதா? தமிழை நிறுத்துவதா? இந்த அளவீட்டை எந்த அளவுக்கு நம்புவது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

தெம்பனிஸ் தமிழன்

சகோதரி, கவலை வேண்டாம். என் மகன் இரண்டு வயது முடியும்வரை நான்கைந்து சொற்களோடு நின்றான். இரண்டரை வயதில் வாக்கியமாகவே பேசினான். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு காலம் உண்டு. உங்கள் மாமியார் சொல்வதைக் கேளுங்கள்.

செவ்வரளி

கடல்மல்லி, குழந்தைகள் பிரிவில் பல ஆண்டுகள் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். அந்தப் பரிசோதனை என்ன, என்ன அல்ல என்பதை முதலில் தெளிவாக்கிக்கொண்டால் உங்கள் பயம் பாதி இறங்கும்.

நம் குழந்தைகளின் சுகாதாரப் புத்தகத்தில் இருக்கும் வளர்ச்சிப் பட்டியலுக்கு மூலம் டென்வர் சோதனை. ஃபிராங்கன்பர்க், டாட்ஸ் என்ற இருவர் அமெரிக்காவின் டென்வர் நகரில் உருவாக்கி 1967இல் வெளியிட்டார்கள். அமெரிக்கப் பிள்ளைகளின் வயதுக் கணக்கை அப்படியே இங்கே பொருத்த முடியாது என்பதால், சிங்கப்பூர்க் குழந்தைகளை வைத்து மறுபடி தரப்படுத்தினார்கள். பிறரோடு பழகுதலும் தன் வேலையைத் தானே செய்தலும் ஒரு பகுதி. கைவிரல் நுட்பம் ஒரு பகுதி. மொழி, உடல் அசைவு என்று இன்னும் இரண்டு. ஒவ்வொரு செயலுக்கும் எதிரே அச்சிட்டிருக்கும் மாதம், பத்தில் ஒன்பது குழந்தைகள் அதைச் செய்துவிடும் மாதம். சராசரிக் குழந்தை செய்யும் மாதம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது அப்படியல்ல; சராசரிக் குழந்தை அதற்கு வெகு முன்பே செய்திருக்கும். ஆகவே அந்த மாதம் தாண்டியும் ஒரு செயல் வரவில்லை என்றால் கவனிக்கத்தான் வேண்டும். அதே வேளையில், பத்தில் ஒரு குழந்தை அந்த மாதத்திலும் செய்யாது, அவர்களிலும் பலர் பின்னால் நன்றாகவே வளர்வார்கள்.

இது ஒரு சல்லடை. நோய் இன்னதென்று சொல்லும் கருவி இல்லை. சல்லடையில் தங்கிய பிள்ளையை உட்கார்ந்து நிதானமாகப் பார்க்க வேறு ஆட்கள், வேறு சோதனைகள் இருக்கின்றன. உங்கள் மகள் இப்போது தங்கியிருக்கிறாள், அவ்வளவுதான்.

கைப்பேசியில் தேடி வேறு நாட்டுப் பட்டியலோடு ஒப்பிடுகிறீர்கள் என்றால் அதை உடனே விடுங்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022இல் தன் பட்டியலைத் திருத்தியபோது, நான்கில் மூன்று குழந்தைகள் செய்யும் வயதை அளவாக எடுத்துக்கொண்டது. நம் புத்தகத்தில் பத்தில் ஒன்பது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் தாய்க்கு வீண் கலக்கம்தான் மிஞ்சும்.

மூன்று மாதம் காத்திருப்பதா என்று கேட்டீர்கள். என் கருத்து இதுதான்: கடிதத்தை இப்போதே வாங்குங்கள். கேகே மகளிர், சிறார் மருத்துவமனையாக இருந்தாலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையாக இருந்தாலும் குழந்தை வளர்ச்சிப் பிரிவில் முதல் சந்திப்புக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். வரிசையில் நின்றபடியே மூன்று மாதம் பாருங்கள். அதற்குள் பிள்ளை பேசிவிட்டால் ஒரு தொலைபேசி அழைப்பில் சந்திப்பை ரத்து செய்துவிடலாம். பேசவில்லை என்றால் உங்கள் இடம் கையில் இருக்கும்.

இனி நான் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள். பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறாளா? விரல் நீட்டிக் காட்டுகிறாளா? கை காட்டாமல், சொல்லால் மட்டும் சொன்னதைச் செய்கிறாளா? பொம்மைக்குச் சோறு ஊட்டுவது போன்ற விளையாட்டு உண்டா? முன்பு சொன்ன சொல், செய்த செயல் எதையாவது இப்போது விட்டுவிட்டாளா?

கடல்மல்லி (செங்காங்)

அக்கா, நன்றி. பெயர் சொன்னால் பெரும்பாலும் திரும்புவாள். சில நாள் இரண்டு மூன்று தரம் உரக்கக் கூப்பிட வேண்டியிருக்கும். விளையாட்டில் மூழ்கியிருக்கிறாள் என்று விட்டுவிடுவோம்.

விரல் நீட்டுவது நிறைய. பணிப்பெண் மாலையில் புளோக்கின் கீழ்த்தளத்துக்கு அழைத்துப் போவார், நான் வேலையிலிருந்து வந்து சேர்ந்துகொள்வேன். தூணோரம் பூனை படுத்திருந்தால் அதை நோக்கி விரல் நீட்டுவாள், உடனே என் பக்கம் திரும்பிப் பார்ப்பாள், மறுபடி பூனையைப் பார்ப்பாள். நான் "ஆமாம், பூனை" என்று சொல்லும்வரை விரலை இறக்க மாட்டாள்.

"தாத்தா கண்ணாடியை எடுத்து வா" என்று மாமியார் சொன்னால் தொலைக்காட்சி மேசைக்குப் போய் எடுத்து வருகிறாள். கரடிப் பொம்மையை மடியில் போட்டுத் தட்டித் தூங்க வைக்கிறாள். சொன்ன சொல்லை மறந்ததாகத் தெரியவில்லை.

சொற்கள்: அம்மா, அப்பா, ஆத்தா, பூ, பா என்றால் பால், ண்ணி என்றால் தண்ணீர், மியா, கார், பை, நோ. இவ்வளவுதான் உடனே நினைவுக்கு வருகிறது.

அங் மோ கியோ ஆச்சி

பேரன் தட்டச்சு செய்கிறான், நான் சொல்லச் சொல்ல. மகளே, நான் ஐந்து பிள்ளை வளர்த்தவள். பேச்சு வரத் தாமதமானால் வசம்பைச் சுட்டு உரசித் தேனில் குழைத்து நாக்கில் தடவுவோம். என் இரண்டாமவனுக்கு அப்படித்தான் வந்தது. நாக்குக்கு அடியில் தோல் ஒட்டியிருக்கிறதா என்றும் பார். எல்லாவற்றையும்விட ஒன்று சொல்கிறேன். இந்தக் காலத்தில் பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது கையில் கைப்பேசியைக் கொடுத்துவிடுகிறீர்கள். நாங்கள் நிலாவைக் காட்டி, காக்கையைக் காட்டி, கதை சொல்லித்தான் ஊட்டினோம். பிள்ளை வாயைப் பார்த்துத்தானே பேச்சைப் படிக்கும்? கைப்பேசிக்கு ஏது வாய்? தமிழை மட்டும் நிறுத்திவிடாதே. நிறுத்தினால் பாட்டிக்கும் பேத்திக்கும் நடுவே என்ன இருக்கும்?

செவ்வரளி

ஆச்சி, வணக்கம். சோறூட்டும்போது பேசுவதைப் பற்றி நீங்கள் சொன்னது அத்தனையும் சரி. சுகாதார அமைச்சு 2025 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டியும் அதையேதான் சொல்கிறது. 18 மாதத்துக்குக் கீழே திரையே வேண்டாம், தொலைவில் இருக்கும் உறவினரோடு முகம் பார்த்துப் பேசுவது தவிர. 18 மாதம் முதல் 6 வயது வரை பள்ளி நேரம் போக நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. சாப்பாட்டு நேரத்தில் கூடாது. யாரும் பார்க்காமல் கூடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் தொலைக்காட்சியையும் அணைக்கச் சொல்கிறார்கள்.

வசம்பு விஷயத்தில் மட்டும் உங்களோடு உடன்பட முடியவில்லை, மன்னியுங்கள். பேச்சு வருவது காதாலும் மூளையாலும். வசம்பு அந்த இரண்டுக்கும் எதுவும் செய்வதில்லை, அளவு மிஞ்சினால் குழந்தைக்குக் கெடுதல். ஒரு வயதுக்குள் தேன் கொடுப்பது ஆபத்து. குடலில் கிருமி வளர்ந்து நரம்பைத் தாக்கும் நோய் வரலாம். நாக்கு ஒட்டியிருந்தால் சில எழுத்துகளை உச்சரிப்பதில் சிரமம் இருக்கலாம். ஆனால் பேச்சே வராமல் போவதற்கு அது காரணம் ஆகாது. நாக்குக்கு அடியில் ஒட்டியிருக்கும் தோலை வெட்டினால் பேச்சு வந்துவிடும் என்று நம்பிப் பணம் கட்டிய பெற்றோரைப் பார்த்திருக்கிறேன், மனம் வலிக்கும்.

கடல்மல்லி, நீங்கள் எழுதிய பூனைச் செய்தியைப் படித்து நிம்மதி அடைந்தேன். எட்டாத பிஸ்கட்டைக் கேட்பதற்காக விரல் நீட்டுவது ஒன்று. தான் கண்டதை உங்களுக்கும் காட்ட வேண்டும் என்று நீட்டி, நீங்கள் பார்த்தீர்களா என்று திரும்பிப் பார்ப்பது வேறு. இரண்டாவது இருக்கிறதா என்றுதான் மருத்துவர்கள் ஆட்டிசத்துக்கான அறிகுறிகளைத் தேடும்போது முதலில் கேட்பார்கள். அது உங்கள் மகளிடம் நன்றாகவே இருக்கிறது.

வடக்கு ரயில்

தெம்பனிஸ் தமிழன் அண்ணனுக்கு ஒரு மாற்றுக் கருத்து. கோபப்படாமல் படியுங்கள்.

எங்கள் மகன் ஒன்றரை வயதில் ஆங்கில எழுத்துகளை ஏ முதல் இஸட் வரை சொன்னான். இருபது வரை எண்ணினான். வந்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள். ஆனால் தாகம் எடுத்தால் "தண்ணீர்" என்று கேட்கத் தெரியாது. என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குளிர்பதனப் பெட்டியின் கதவில் என் கையை வைப்பான். முகத்தைப் பார்க்க மாட்டான். அவன் உலகில் என் கை இருந்தது, நான் இருந்தேனா என்று தெரியவில்லை. பூனையைக் காட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்கும் அந்தப் பார்வைக்காக நானும் என் மனைவியும் ஏங்கியிருக்கிறோம்.

ஆட்டிசத்துக்கான அறிகுறிகளைத் தேடும் எம்-சாட் என்ற 20 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று இருக்கிறது. 16 முதல் 30 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கானது. நீங்கள் எதையாவது சுட்டிக்காட்டினால் பிள்ளை அந்தப் பக்கம் பார்க்கிறதா, மற்றப் பிள்ளைகளைக் கவனிக்கிறதா என்பது போன்ற கேள்விகள். எங்கள் பதில்களைப் பார்த்ததும் மருத்துவர் உடனே கடிதம் எழுதினார். எங்கள் பக்கத்திலும் ஒரு பெரியவர், "ஆண் பிள்ளைதானே, பொறு" என்றார். பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகள் சற்றுப் பின்தங்கிப் பேசுவது உண்டுதான். அந்த வித்தியாசம் ஓரிரு மாதம். ஒரு வருடத்துக்கு அதைச் சாக்காக வைக்க முடியாது.

மருத்துவமனை மதிப்பீட்டுக்குப் பிறகு இபிக் எனப்படும் ஆரம்பகாலத் தலையீட்டுத் திட்டத்தில் இடம் கிடைத்தது. இரண்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கான வகுப்பில் பெற்றோரோ பராமரிப்பவரோ கூடவே உட்கார வேண்டும். 2019இல் தொடங்கிய ஏற்பாடு அது. முதலில் எனக்கு அது சுமையாகத் தெரிந்தது, வேலையில் விடுப்பு கேட்க வேண்டுமே என்று. பிறகுதான் புரிந்தது, அங்கே பயிற்சி பெறுவது நாங்கள்தான். வாரத்தில் சில மணி நேரம் ஆசிரியர் செய்வதை மிச்ச நேரமெல்லாம் வீட்டில் நாங்கள் செய்கிறோம். குமிழி ஊதுவோம், மூடியை மூடிவிட்டுக் காத்திருப்போம். அவன் எங்களைப் பார்த்தால் அடுத்த குமிழி. முதல் நாள்களில் குமிழிக் குப்பியைத்தான் பார்த்தான். பிறகு ஒரு நாள் குப்பியைப் பார்த்தான், என் மனைவியைப் பார்த்தான், மறுபடி குப்பியைப் பார்த்தான். அவள் ஊதவே மறந்து அழுதுவிட்டாள்.

அண்ணன் மகனுக்குப் பேச்சு தானாக வந்தது, மகிழ்ச்சி. எங்கள் மகனுக்கு வந்திருக்காது. இருவரும் 18 மாதத்தில் ஒரே மாதிரிதான் தெரிந்திருப்பார்கள்: சொல் குறைவு. வெளியில் நின்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதற்குத்தான் மதிப்பீடு.

தெம்பனிஸ் தமிழன்

தம்பி, உங்கள் எழுத்து மனத்தைத் தொட்டது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஊரில் எல்லாவற்றிலும் கியாசு, பிறரைவிடப் பின்தங்கிவிடுவோமோ என்ற பயம். பிறந்த நாள் முதல் அளவுகோல். பக்கத்து வீட்டுப் பிள்ளை நடக்கிறது, நம் பிள்ளை நடக்கவில்லை; அது பேசுகிறது, நம் பிள்ளை பேசவில்லை. பெற்றோர் ஓயாமல் சோதித்துக்கொண்டே இருந்தால் பிள்ளை எப்போது விளையாடும்? இரண்டு வயதில் பேச்சு தாமதமான பிள்ளைகளில் பெரும்பாலோர் பள்ளி வயதுக்குள் எட்டிவிடுகிறார்கள் என்று நானும் படித்திருக்கிறேன்.

வாய்மொழி

பேச்சுச் சிகிச்சைத் துறையில் வேலை செய்கிறேன். குழந்தையை நேரில் பார்க்காமல் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. பொதுவாகச் சொல்லக் கூடியதை எழுதுகிறேன்.

தெம்பனிஸ் அண்ணன் படித்தது உண்மை. பெரும்பாலோர் எட்டிவிடுகிறார்கள். எட்டாமல் போகும் பிள்ளை யார் என்பதுதான் கேள்வி. சொல் குறைவாக இருந்தாலும் புரிதல், சைகை, பாவனை விளையாட்டு மூன்றும் நன்றாக இருக்கும் பிள்ளைக்கு வாய்ப்பு அதிகம். புரிதலும் குறைந்திருந்தால் காத்திருக்கக் கூடாது. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவது கியாசு. பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்று பார்ப்பது அப்படியல்ல.

இப்போது தமிழை நிறுத்துவது பற்றி. நிறுத்தாதீர்கள். இதை எவ்வளவு அழுத்தமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுக் குறைபாடு வருவதில்லை. ஆய்வுகள் இதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. உண்மையான மொழிக் குறைபாடு இருந்தால் அது இரண்டு மொழியிலும் தெரியும். ஒரு மொழியை எடுத்துவிட்டால் மற்றது தானாக வளரும் என்பதும் இல்லை. உங்கள் வீட்டில் தமிழை எடுத்துவிட்டால் மாமியார் என்ன செய்வார்? நாள் முழுதும் பேத்தியோடு பேசும் ஒரு வாய் மூடிக்கொள்ளும். பெற்றோர் தங்களுக்கு இயல்பாக வராத மொழியில் பேசத் தொடங்கினால் வாக்கியம் சுருங்கும், கொஞ்சல் போகும், கதை போகும். "வா, போ, உட்கார்" மட்டும் மிஞ்சும்.

அடுத்தது, சொல் எண்ணும் முறை. "பத்து இருக்கலாம்" என்று நினைவிலிருந்து சொன்னீர்கள். பெரும்பாலான பெற்றோர் குறைத்துத்தான் சொல்கிறார்கள். ஒரு தாளைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள். வீட்டில் இருக்கும் எல்லாரும் கேட்ட சொல்லை எழுதட்டும். உச்சரிப்பு சரியாக இருக்க வேண்டியதில்லை. ஒரே பொருளுக்கு எப்போதும் அதே ஒலியைச் சொன்னால் அது சொல்தான். உங்கள் "ண்ணி" சொல். "மியா" சொல். தமிழ், ஆங்கிலம் இரண்டையும் சேர்த்தே எண்ணுங்கள். பாட்டு ஒப்பிப்பதையும் எழுத்துகள் சொல்வதையும் தனியாக எழுதுங்கள். அவள் கேட்பதற்கோ, காட்டுவதற்கோ, மறுப்பதற்கோ பயன்படுத்துவதைத்தான் நாங்கள் பார்ப்போம். இரண்டு வயது நெருங்கும்போது "அம்மா வா", "பால் தா" என்று இரண்டு சொல் சேர்கிறதா என்பதையும் குறித்துவையுங்கள்.

பணிப்பெண்ணிடம் கட்டாயம் கேளுங்கள். பகலெல்லாம் உடன் இருப்பவர் அவர். ஒரு வீட்டில் பிள்ளை "லாகி, லாகி" என்று சொல்லிக்கொண்டிருந்தான். பெற்றோர் அதை வெறும் மழலை என்று நினைத்திருந்தார்கள். பணிப்பெண்ணைக் கேட்டபோது, இன்னும் வேண்டும் என்று கேட்கிறான், தான் சோறூட்டும்போது சொல்லும் சொல் அது, என்றார். அவரிடம் இருந்த பட்டியல் பெற்றோரின் பட்டியலைவிட நீளம். அந்தச் சொற்களும் கணக்கில் சேரும். மதிப்பீட்டு நாளில் முடிந்தால் அவரையும் அழைத்துப் போங்கள்.

உங்களைத் தடுத்தது பற்றி. விடையைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பது சரிதான்; மூக்கைத் தொட்டுக் காட்டிவிட்டு மூக்கு எங்கே என்று கேட்டால் அது சோதனை ஆகாது. ஆனால் குழந்தை புழங்கும் மொழியில் கேட்பது உதவி செய்வது ஆகாது. டென்வர் சோதனையிலேயே பெற்றோர் சொல்வதை வைத்துத் தேர்ச்சி கொடுக்கக் கூடிய செயல்கள் பல உண்டு. அடுத்த முறை தொடக்கத்திலேயே சொல்லுங்கள்: வீட்டு மொழி தமிழ், கேள்வியைத் தமிழில் நான் கேட்கிறேன், கை காட்ட மாட்டேன். தாத்தா கண்ணாடியை அவள் எடுத்து வருவதைக் காணொளியாகப் பதிந்து காட்டுங்கள். நாங்கள் அதை மகிழ்ச்சியோடு பார்ப்போம். அந்நிய அறையில், ஊசி பயத்தில் அழுத முகத்தோடு இருக்கும் பிள்ளையைவிட அது எங்களுக்கு அதிகம் சொல்லும்.

கடைசியாக, உங்கள் முதல் பதிவில் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி என்னை நிறுத்தியது. தொடர்ந்து சளி. இரண்டாவது பதிவில், சில நாள் உரக்கக் கூப்பிட வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்புப் பரிசோதனை செய்தீர்களா?

கடல்மல்லி (செங்காங்)

பிறந்தபோது மருத்துவமனையிலேயே செய்தார்கள், இரண்டு காதும் சரி என்றார்கள். அதற்குப் பிறகு இல்லை. காது வலி என்று அவள் அழுததும் இல்லை.

வாய்மொழி

பிறந்தபோது தேறியது நல்லது. அது அன்றைய நிலை. அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைகளுக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்குவது இந்த வயதில் மிகச் சாதாரணம். வலி இருக்க வேண்டியதில்லை, காய்ச்சல் இருக்க வேண்டியதில்லை. தண்ணீருக்கு அடியில் இருந்து கேட்பது மாதிரி ஒலி மங்கும். ஒரு வாரம் கேட்கும், ஒரு வாரம் மங்கும். அதனால் வீட்டில் யாருக்கும் சந்தேகமே வராது. பேச்சைக் கற்கும் மாதங்களில் இது நீடித்தால் சொல் சேர்வது மெதுவாகும். பல நேரம் நீர் தானாகவே வற்றிவிடும், மருத்துவர் கண்காணித்தால் போதும். இருக்கிறதா என்று தெரிந்துகொள்வதுதான் முக்கியம். பேச்சுத் தாமதம் என்று யார் வந்தாலும் நாங்கள் முதலில் கேட்பது கேட்புப் பரிசோதனை முடிவைத்தான்.

பைனியர் அப்பா

இழையில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் மகனுக்கு 15 மாதம், இன்னும் தனியாக நடக்கவில்லை. தவழவும் இல்லை, உட்கார்ந்தபடியே நகர்ந்துதான் போவான். இப்போது சோபாவைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நடக்கிறான். 33 வாரத்தில் பிறந்தவன். உட்கார்ந்து தள்ளும் வாக்கர் வாங்கித் தரச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

செவ்வரளி

தம்பி, முதலில் வயதைத் திருத்திக் கணக்கிடுங்கள். 40 வாரத்துக்கு 7 வாரம் முன்னதாகப் பிறந்திருக்கிறான். வளர்ச்சியைப் பார்க்கும்போது அந்த ஏழு வாரத்தைக் கழிக்க வேண்டும். இரண்டு வயது வரை இப்படித்தான் கணக்கிடுவது வழக்கம். அப்படியானால் அவனுக்கு இப்போது 13 மாதத்துக்குச் சற்று மேல். உலகச் சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாட்டுக் குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமான குழந்தைகள் தனியாக நடந்த வயது 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை விரிந்திருந்தது. கையும் முழங்காலும் ஊன்றித் தவழாமலேயே நடந்தவர்களும் நூற்றுக்கு நான்கு பேர் இருந்தார்கள். பிடித்துக்கொண்டு நடக்கிறான் என்றால் வழியில்தான் இருக்கிறான்.

உட்கார வைக்கும் வாக்கர் வேண்டவே வேண்டாம். கால் நுனியால் தள்ளப் பழகுவான், உடலைத் தாங்கி நிற்கப் பழக மாட்டான். படியில் உருண்டு விழும் ஆபத்தும் உண்டு. கனடாவில் 2004 முதல் விற்பனையே தடை. நம் ஊர் மர நடைவண்டி, பின்னால் நின்று தள்ளுவது, அது நல்லது. வீட்டில் வெறுங்காலோடு தரையில் விடுங்கள். தொட்டிலிலும் இடுப்பிலும் இருக்கும் நேரத்தைக் குறையுங்கள். திருத்திய வயதில் 18 மாதம் ஆகியும் நடக்கவில்லை என்றாலோ, ஒரு பக்கக் கையையோ காலையோ மட்டும் அதிகம் பயன்படுத்துவது போலத் தெரிந்தாலோ உடனே காட்டுங்கள். இரண்டாவதற்கு 18 மாதம் வரை காத்திருக்க வேண்டாம்.

பைனியர் அப்பா

ஏழு வாரத்தைக் கழிக்க வேண்டும் என்று இதுவரை யாரும் எங்களிடம் விளக்கவில்லை. மிக்க நன்றி அக்கா.

வடக்கு ரயில்

கடல்மல்லி, பணம் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் நான் சொல்கிறேன். பலதுறை மருந்தகத்தின் கடிதத்தோடு அரசாங்க மருத்துவமனைக்குப் போனால் சலுகைக் கட்டணம். நேராகத் தனியார் நிபுணரிடம் போனால் விரைவில் பார்க்கலாம், செலவு கூடும். குடியுரிமை, குடும்ப வருமானம் இவற்றைப் பொறுத்து இபிக் கட்டணமும் மாறும். சமூக ஊழியரிடம் கேட்கத் தயங்காதீர்கள். எங்களுக்கு வழி காட்டியவர் அவர்தான்.

கடல்மல்லி (செங்காங்)

எல்லாருக்கும் நன்றி. நேற்று மருந்தகத்தை அழைத்துக் கடிதம் கேட்டுவிட்டேன். குழந்தை வளர்ச்சிப் பிரிவுக்கும் கேட்புப் பரிசோதனைக்கும் சேர்த்தே எழுதித் தருவதாக மருத்துவர் சொன்னார். கேட்புப் பரிசோதனைக்கு முதலில் நாள் கிடைக்கும் போலிருக்கிறது. மாமியாரிடம் ஆச்சி எழுதியதையும் வாய்மொழி எழுதியதையும் வாசித்துக் காட்டினேன். தமிழை நிறுத்தப் போவதில்லை என்றதும் அவர் முகமே மாறிவிட்டது. "காதை மட்டும் பார்த்துவிடுவோம்" என்று அவரே சொன்னார். தாளும் ஒட்டியாயிற்று. பணிப்பெண் எழுதிய பக்கத்தில் எனக்குத் தெரியாத சொற்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.

ஒரு கேள்வி மட்டும். இவ்வளவு சின்னக் குழந்தைக்குக் காதை எப்படிச் சோதிப்பார்கள்? மயக்க மருந்து கொடுப்பார்களா? அன்று சளி இருந்தால் ரத்து செய்ய வேண்டுமா?

வாய்மொழி

பொதுவாக மயக்க மருந்து தேவைப்படாது. உங்கள் மடியில் உட்கார வைப்பார்கள். ஒரு பக்கத்திலிருந்து ஒலி வரும்; அவள் திரும்பினால் அங்கே ஒரு பொம்மை ஒளிர்ந்து ஆடும். ஒலியைக் குறைத்துக்கொண்டே போய் எந்த அளவு வரை திரும்புகிறாள் என்று பார்ப்பார்கள். ஒலி வரும்போது நீங்கள் தலையைத் திருப்பக் கூடாது, மூச்சைக்கூட மாற்றிவிடாதீர்கள், பிள்ளைகள் அதைக் கவனித்துவிடுவார்கள். இன்னொரு சோதனையில் காதில் மென்மையான சிறு முனையை வைத்து செவிப்பறை அசைகிறதா என்று பார்ப்பார்கள். சில நொடிகள்தான், வலிக்காது. நீர் தேங்கியிருந்தால் அதில் தெரியும்.

அவள் தூங்கும் நேரத்தில் சந்திப்பு வைக்காதீர்கள். தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பிள்ளை கேட்டாலும் திரும்பாது. வயிறு நிறைந்திருக்கட்டும். சளி இருந்தால் நீங்களாக ரத்து செய்துவிடாமல் முதல் நாளே அழைத்துச் சொல்லுங்கள். வரச் சொல்வதா, தேதி மாற்றுவதா என்று அவர்கள் தீர்மானிப்பார்கள். சளியோடு எடுத்த முடிவில் குறை தெரிந்தால், சளி போன பிறகு மறுபடி ஒரு முறை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.